நெல்லையின் லை: பழசா, புதுசா?

எங்க ஊர்ப் பெயரிலேயே ஒரு லை இருக்கு. ஆச்சி மளிகைச் சீட்டில் எழுதும் கடலை, வெற்றிலை எல்லாமே பழைய லைதான். ல-வின் மேலே யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு சுழி. பேனா எடுக்காமல் ஒரே இழுப்பு.

"ஆச்சி, இது என்ன ஆனையா?" என்று முழித்தான் கடைப் பையன். "ஏலே, அது லை!" என்று சிரித்தாள் ஆச்சி.

புதிய லை, 1978-இல் அரசாணையான பெரியார் சீர்திருத்தம். மாறியவை 13 எழுத்துகள். கை, மை போலவே லையும், தட்டச்சுக்கு லேசு. பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் 'நெல்லை' என்று கையால் எழுதும்போது எனக்குத் தும்பிக்கைதான் வேண்டும். புதியதில் குறி தள்ளி நிற்கிறது. பழையதில் எழுத்தைக் கட்டிக்கொள்கிறது.