கடற்காற்றும் சேர்ந்த டிக்கெட்: ஆர்ப்ரோத்தின் கேஃபீல்ட் பார்க்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டண்டீக்கும் அபர்டீனுக்கும் இடையில் இருக்கும் மீன்பிடி ஊர் ஆர்ப்ரோத். அவ்வூரின் கால்பந்து கிளப் சீசனின் முதல் சொந்த மைதான ஆட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வாரத்தில் அங்கே இரண்டு முறை போய்வந்தேன்: வியாழக்கிழமை மாலை ஒரு முறை, சனிக்கிழமை ஆட்டத்துக்காக இன்னொரு முறை. இங்கே நான் எழுத வந்தது ஆட்ட வர்ணனை அன்று. பணம் கொடுத்து உள்ளே போகிறவருக்கு அந்த மைதானம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதைத்தான். கோல் கணக்கு வேண்டியவர்களுக்கு அது வேறெங்கும் கிடைக்கும்.

டண்டீயிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இருபது நிமிடப் பயணம். பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே போவதால், போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடிப்பது நல்லது. ஆர்ப்ரோத் நிலையத்தில் இறங்கித் துறைமுகத்தின் பக்கம் கால்மணி நேரம் நடந்தால் கேஃபீல்ட் பார்க் வந்துவிடும். கிளப் தொடங்கியது 1878-இல். 1880 முதல் இந்த இடத்தை விட்டு நகரவில்லை. மைதானத்துக்கு ஒரு பக்கம் டண்டீ செல்லும் சாலை, மறுபக்கம் வட கடல். ஐரோப்பாவிலேயே கடலுக்கு மிக அருகில் இருக்கும் கால்பந்து மைதானம் என்று இதைச் சொல்வார்கள். அளவுகோல் கொண்டு சரிபார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. கடல் பக்கத்துப் படிகளின் மேல்வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால், சுவருக்கு அப்பால் உடனே பாறையும் தண்ணீரும்தான். குளிர்காலத்தில் ஓதம் ஏறியிருக்கும்போது புயற்காற்றும் சேர்ந்துகொண்டால், அலை சுவரைத் தாண்டி உள்ளே தெறிக்கும்.

வியாழக்கிழமை நான் போன நேரத்தில் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தவை அனைத்தும் அந்தக் கடலோடு நடக்கும் பேரம் என்றே தோன்றியது. கோடைக்கு முந்தைய சீசன் முடிந்ததும் தரையைக் கீறி, மணல் தூவி, புது விதை போட்டு, புல் வேர்பிடிக்கும்வரை காப்பதற்குக் கிடைப்பது பத்து வாரத்துக்குச் சற்று முன்பின். ஜூலை நடுவிலேயே கோப்பை ஆட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. உள்நாட்டு ஊர் என்றால் மழையையும் வெயிலையும் மட்டும் கவனித்தால் போதும். இங்கே உப்பங்காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். உப்பு படிந்த மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி, உப்பை வேருக்குக் கீழே கரைத்து இறக்குவதுதான் வழி. அதே உப்பு இரும்பையும் விடுவதில்லை. பார்வையாளர்கள் சாய்ந்து நிற்கும் தடுப்புக் கம்பிகளில் பெயின்ட் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. கடலைப் பார்த்த முகத்தில்தான் பூச்சு அதிகம்.

இத்தனை பாடுபட்ட பிறகும் இவர்கள் இயற்கைப் புல்லையே வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து ஊர்களான ஃபார்ஃபரிலும் மான்ட்ரோஸிலும் செயற்கைப் புல்தரைதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது: செயற்கைத் தரையை வாரம் முழுவதும் வாடகைக்கு விடலாம், ஊர்ப் பிள்ளைகள் பயிற்சி செய்யலாம், பனிக்காலத்தில் ஆட்டங்கள் தள்ளிப்போவதும் குறையும், சிறிய கிளப்புக்கு இவை மூன்றும் பெரிய விஷயங்கள். ஆனால் பார்வையாளனாகச் சொல்வதானால், பந்து தரையில் விழுந்து எழும் விதத்திலேயே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. காற்றே பந்தை வளைக்கும் இடத்தில், தரையாவது நம்பும்படி இருக்க வேண்டும்.

விளையாடுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டிக்கெட்டின் மதிப்பு புரியாது. ஸ்காட்லாந்தின் தொழில்முறை லீகில் 42 கிளப்புகள். மேல் டிவிஷனில் 12, அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் பத்துப் பத்து. ஆர்ப்ரோத் அண்மைக் காலமாக இரண்டாவது டிவிஷனுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஏறியிறங்கும் கிளப். இதன் ஆட்டக்காரர்கள் பகல் வேலையை வைத்துக்கொண்டே வாரத்தில் ஓரிரு மாலைகள் பயிற்சிக்கு வருகிறவர்களாக இருந்து வந்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பாபி லின் குப்பை வண்டியில் வேலை பார்த்தவர். டிக் கேம்பல் பயிற்சியாளராக இருந்த காலத்தில் இந்த அணி 2017-இல் நான்காம் டிவிஷனையும் 2019-இல் மூன்றாம் டிவிஷனையும் வென்று ஏறியது. அதன் பிறகு, 2021–22 சீசனில், முழுநேர அணிகள் நிறைந்த இரண்டாம் டிவிஷனில் பெரும்பகுதி முதலிடத்தில் நின்று, கடைசியில் கில்மார்னக்கிடம் 2 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது. மேலே செல்ல மிச்சமிருந்த பிளே-ஆஃப் வழியும் இன்வர்னஸ் அணியுடனான பெனால்டி ஷூட்அவுட்டில் அடைபட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே டிவிஷனில் கடைசி இடம். அதற்கடுத்த ஆண்டே, 2025-இல், மூன்றாம் டிவிஷன் பட்டத்துடன் திரும்ப ஏறிவிட்டது. அந்த 2022-ஐ இன்னும் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறவர்கள் படிகளில் நிறைய இருக்கிறார்கள். தெரியாதவர் ஒருவர் அருகில் வந்து நின்றால் முழுக் கதையையும் சொல்லித்தான் விடுவார்கள். எனக்கு அது இருமுறை நடந்தது, இரண்டிலும் குற்றவாளி வேறு வேறு நடுவர்.

சீசனின் முதல் சொந்த மைதான ஆட்டம் லீகில் அமைவதில்லை. ஜூலையில் நடக்கும் லீக் கோப்பையின் குழு ஆட்டமாகத்தான் வருகிறது. 2016 முதல் இந்தக் கோப்பையின் தொடக்கச் சுற்று ஐந்து அணிகள் கொண்ட குழுக்களாக நடக்கிறது. ஒரு குழுவில் ஐந்து அணி என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்கும். ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணிக்கும் ஒவ்வொரு புள்ளி. அதன்பின் பெனால்டி உதைத்து, வெல்கிற அணிக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. முதன்முறை வருகிறவருக்கு இந்த ஏற்பாடு ஒரு லாபம், ஏனென்றால் மந்தமான சமன் ஆட்டத்துக்கும் இறுதியில் ஒரு நாடகம் உறுதி. ஆனால் ஆட்டத்தின் தரத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். விடுமுறைக்குப் பிறகு உடம்பு இன்னும் சூடேறாத ஆட்டக்காரர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடவே இப்போதுதான் பழகிவரும் புதுச் சேர்க்கைகள், எழுபதாவது நிமிடத்துக்குப் பின் தசைப்பிடிப்பு என்று ஜூலைக் கால்பந்துக்கே உரிய குறைகள் எல்லாம் இங்கும் உண்டு.

இனி சனிக்கிழமை. கேஃபீல்டின் கொள்ளளவு சுமார் 6,600. இருக்கைகள் அதில் ஆயிரம்கூடக் கிடையாது. அவை அனைத்தும் சாலைப் பக்கத்துப் பிரதான அரங்கில். மற்ற மூன்று பக்கமும் நின்று பார்க்கும் படிகள், அங்கங்கே கூரை. 1952-இல் ரேஞ்சர்ஸ் அணி ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டத்துக்கு வந்தபோது 13,510 பேர் இதற்குள் நின்றிருக்கிறார்கள் என்பது இன்று பார்க்கும்போது நம்பக் கடினமான எண். முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களும் யோசிக்காமல் பிரதான அரங்கில் இடம் வாங்கிவிடுங்கள். மற்றவர்கள் நிற்பதே நல்லது. எதிரணி ரசிகர்களைத் தனியே பிரிக்காத நாட்களில் படிகளில் சுற்றி நடக்கலாம். பெரிய கிளப்புகளின் மைதானங்களில் எண் போட்ட நாற்காலியோடு கட்டிவைக்கப்பட்ட எனக்கு இந்தச் சுதந்திரம்தான் முதல் பரிசாகப் பட்டது. இடைவேளை விசில் அடித்ததும் உள்ளூர்க்காரர்கள் துறைமுக முனையிலிருந்து கேளிக்கைக்கூடம் இருக்கும் முனைக்குத் தேநீரும் கையுமாகச் சாவகாசமாக இடம்பெயர்வார்கள்: தங்கள் அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குகிறதோ, அதன் பின்னாலேயே எப்போதும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

காற்றுக்கு வருவோம். ஜூலையின் அந்தப் பிற்பகல் கரையில் உள்ளவர்கள் 'காற்றே இல்லை' என்று சொன்ன நாள்; என் தொப்பி இரண்டு முறை பறந்தது. கோல்கீப்பர் உயர உதைத்த பந்து நடுக்கோட்டை நெருங்கும்போது தயங்கி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, உதைத்தவரை நோக்கியே சரிவதை இங்கேதான் பார்த்தேன். நாணயம் சுண்டி எந்தப் பக்கம் ஆடுவது என்று முடிவெடுப்பது மற்ற மைதானங்களில் சடங்கு, இங்கே அது ஆட்டத்தில் பாதி. காற்றோடு ஆடும் அணி எளிதில் வெல்லும் என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்தில் நின்ற முதியவர் அதை மறுத்தார்: காற்றோடு ஆடும்போது ஒவ்வொரு நீண்ட பாஸும் கோட்டைத் தாண்டி ஓடிவிடும், காற்றை எதிர்த்து ஆடும்போதுதான் பந்தைத் தரையோடு வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் வரும் என்பது அவருடைய வாதம். இரண்டாம் பாதியைப் பார்த்தபின் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். வெளியூர் அணிகள் இந்த மைதானத்துக்கு வர முகம் சுளிப்பதன் காரணமும் அதுவே. சொந்த அணிக்கு இந்த ஒழுக்கம் வருடத்தில் பாதி ஆட்டங்களில் இலவசப் பயிற்சியாகக் கிடைத்துவிடுகிறது.

சாப்பாட்டில் பை என்று அழைக்கப்படும் ஸ்காட்டிஷ் இறைச்சிப் பணியாரத்தைத் தவிர்க்க முடியாது. கனமான மாவுக் கிண்ணத்துக்குள் மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிக் கொத்து. மேல் மூடி விளிம்பைவிடத் தாழ்ந்திருப்பதால் குழம்பு ஊற்றிக்கொள்ள இடம் இருக்கும். இரண்டு கையும் வேண்டும், சூடு நாக்கைப் பொசுக்கும், குளிருக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் வேறில்லை. அதோடு குடிக்கும் பாவ்ரில் மாட்டிறைச்சிச் சாற்றில் ஆனது. பார்வைக்குக் கடுங்காப்பி போலிருக்கும் என்பதால், மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. மரக்கறி மட்டும் உண்கிறவர்கள் வெளியே பசியாறிவிட்டு வருவதே நிம்மதி. பீர் கிடையாது: 1980-இல் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கோப்பை இறுதி ஆட்டத்தின் முடிவில் களத்துக்குள் இறங்கி மோதியதை அடுத்து வந்த சட்டம் ஸ்காட்லாந்தின் கால்பந்து அரங்குகளில் பொதுப் பார்வையாளருக்கு மது விற்பதைத் தடுத்துவிட்டது. அந்தக் கலவரத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஆர்ப்ரோத் ரசிகரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேநீரோடு நிற்கிறார்.

ஊரின் புகழ்பெற்ற உணவு மைதானத்துக்கு வெளியே, துறைமுகத் தெருக்களில் இருக்கிறது. ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்பது ஹேடக் மீனை வாலோடு வால் கட்டி, கடின மரத் தீயின் மேல் ஈரச் சாக்கு மூடிப் புகையில் வேகவைப்பது. 2004 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், ஆர்ப்ரோத்தைச் சுற்றி எட்டுக் கிலோமீட்டருக்குள் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். கருவாட்டை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்; இது உள்ளே ஈரம் மாறாமல் இதழ் இதழாகப் பிரியும். வியாழக்கிழமை ஒரு கடையில் காலையில் சுட்டதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து ஆறிய நிலையில் கொடுத்தார்கள். ரப்பரை மென்றது போலிருந்தது. கடைப் பெயர் வேண்டாம். சனிக்கிழமை வேறொரு இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கியதைத் தாளில் சுற்றி வாங்கினேன். இரண்டும் ஒரே மீன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கிளப்பின் பழம்பெருமையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்டிஷ் கோப்பையில் அபர்டீனின் பான் அக்கார்ட் அணியை ஆர்ப்ரோத் 36–0 என்று வென்றது. ஜாக்கி பெட்ரி மட்டும் 13 கோல். கோல் வலை இல்லாத காலம் என்பதால், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் யாராவது ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவர வேண்டியிருந்தது. அதே நாளில் டண்டீ ஹார்ப் அணி வேறொரு ஆட்டத்தில் 35–0 என்று வென்றுவிட்டு, ஒரே ஒரு கோலில் சாதனையைக் கோட்டை விட்டது. ரசிகர்களைக் கூப்பிடும் பெயரான 'ரெட் லிக்டீஸ்' துறைமுகத்தில் படகுகளுக்கு வழிகாட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்தது. இந்தப் பெருமைகளைத் தொட்டுக் காட்ட அருங்காட்சியகம் எதுவும் தேவைப்படவில்லை, 36 என்ற எண் எந்த உரையாடலிலும் தானாக வந்து விழுகிறது.

பரிந்துரைக்கலாமா என்றால், நுட்பமான கால்பந்துக்காக வருகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். அதே பணத்தில் கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ அதைவிட நல்ல ஆட்டம் பார்க்கலாம். ஒரு ஊர் தன் அணியை எப்படித் தன்னோடு வைத்திருக்கிறது என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் போகலாம். ஆடுதளத்தின் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதுகூடக் கேட்கும். முதல் முறைக்கு ஜூலைதான் சரியான மாதம்: இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆட்டம் முடிந்து துறைமுகச் சுவரில் உட்காரலாம். ஆனால் ஜூலையில் மட்டும் பார்த்தவர் கேஃபீல்டைப் பார்த்தவர் ஆகமாட்டார் என்று அந்த முதியவர் சொன்னதால், ஜனவரியில் ஒரு ஆட்டத்துக்கு மறுபடி போவதாக இருக்கிறேன். இம்முறை கடல் பக்கத்துப் படிகள் வேண்டாம், கூரைக்குக் கீழே நிற்பேன். கையுறை இரண்டு ஜோடி எடுத்துப்போவேன், ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.