இலங்கையின் ஊவா மாகாணத்து அரச வைத்தியசாலையொன்றில் உளநல கிளினிக்: 14 மாதச் சிகிச்சைக்குப் பின் எழுதும் மதிப்பீடு

வைத்தியசாலையின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. உளநலப் பிரிவில் பணியாற்றுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே என்பதால், குறையென்று நான் எழுதுவது அவர்களில் ஒருவர்மீது சுமையாக விழுந்துவிடக் கூடாது. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, நித்திரையில்லை, மனம் சரியில்லை என்று அங்குள்ள வைத்தியரிடம் சொன்னால், அவரே உளநலப் பிரிவுக்கு எழுதித் தருகிறார்.

நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் கணவர் குடியால் தம்மைத் தாமே அழித்துக்கொண்டிருந்தவர். சம்பளம் கிடைத்த வாரத்தில் சாராயம், மாதக் கடைசியில் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம். என்மீது ஒருநாளும் கை வைத்ததில்லை. ஈரல் பழுதடைந்துவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது என்று வைத்தியர் சொன்ன அன்று மாலையும் போத்தலோடுதான் வீட்டுக்கு வந்தார். 9 ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தபின், ஒரு காலையில் ஹற்றனில் ரயிலேறி அப்புத்தளையில் இறங்கி, அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் மாதம் நிம்மதியாகவே கழிந்தது. நோய் வந்தது அதன் பிறகுதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே வரியைப் பத்து முறை வாசிப்பேன். சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. "பீடை தொலைந்தது என்று இரு" என்றார்கள் சிலர்; சாகக் கிடப்பவனை விட்டு வந்தவள் என்று வேறு சிலர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இரண்டு பேச்சிலும் என் துக்கத்துக்கு இடமிருக்கவில்லை. எங்கள் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும்போது, போகாதே என்று மன்றாடிய ரதியின் சொல்லைக் கேளாமல் போய் எரிந்த காமனுக்காக அவள் புலம்பும் புலம்பலில் ஊரே சேர்ந்து அழுகிறது. எரிந்துகொண்டிருப்பவனை விட்டு நடந்து வந்தவளின் புலம்பலை எங்கே வைப்பது என்பது அந்த ஊருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிளினிக்குக்குப் போன முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஆனால் வைத்தியர் அவசரப்படவில்லை. எத்தனை வாரமாக இப்படி இருக்கிறது, நித்திரை எப்போது கலைகிறது, உடல் மெலிந்திருக்கிறதா என்று கேட்டபின், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று சுற்றிவளைக்காமல் கேட்டார். யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி அது. ஆம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. அப்படியான எண்ணம் இரவில் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம் என்று கிளினிக் கொப்பியின் அட்டையிலேயே எழுதித் தந்தார். தைரொயிட் சுரப்பி குறைவாக இயங்கினாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே சோர்வு வரக்கூடும் என்பதால், மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

மாத்திரை என்றதும் எனக்கு உண்மையான அச்சம் எழுந்தது. போதையில் ஒரு மனிதர் கரைவதைக் கண்ணெதிரே பார்த்தவள், நானும் ஒன்றுக்கு அடிமையாகிவிடுவேனோ என்று கேட்டேன். இது சாராயத்தைப் போல ஏங்க வைக்கும் பொருளல்ல, ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும், நினைத்த நாளில் நிறுத்தவும் கூடாது, குணமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும் என்று விளக்கினார். முதல் வாரம் குமட்டலைத் தவிர வேறொன்றையும் நான் உணரவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், விழித்தபோது சன்னலில் வெளிச்சம் இருந்தது.

ஆயினும் என்னை மீட்டது மாத்திரை மட்டுமென்று சொல்லமாட்டேன். அங்கிருந்த தமிழ் உளவளத்துணையாளரிடம், நான் வந்துவிட்டதால்தான் கணவர் இன்னும் அதிகமாகக் குடிக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அழுதேன். அவர் மறுத்துப் பேசவில்லை. குடியை நிறுத்துவதற்காக 9 ஆண்டுகளில் செய்த எல்லாவற்றையும் எழுதி வரும்படி கேட்டார். போத்தலை ஊற்றியது, சம்பளத்தை ஒளித்தது, கதவைப் பூட்டியது, பட்டினி கிடந்தது, கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தது என இரண்டு பக்கங்கள் நிறைந்தன. அதை முழுவதும் வாசித்துவிட்டு, "டீச்சர், இதில் எது அவருடைய குடியை ஒரு மாதமாவது நிறுத்தியது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "பக்கத்தில் இருந்து இவ்வளவு செய்தும் நிறுத்த முடியாத ஒன்றை, விலகி வந்ததால் நீங்கள் உண்டாக்கிவிட்டீர்கள் என்று எப்படி நம்புகிறீர்கள்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே எனக்குப் பல வாரங்கள் சென்றன. குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் அமைப்பிலும் இதையே சொல்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன்: அந்த நோயை நாம் உண்டாக்கவில்லை, அதை நம்மால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. நான் போகும் கிளினிக்கில் அப்படியொரு தமிழ்க் குழு கூடுமானால் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

குறைகளில் பெரியது மொழி. வைத்தியர் சிங்களத்தில் பேசுவார், தாதி தமிழில் சொல்வார். "மனசு விட்டுப்போச்சு" என்று நான் சொன்னதை அந்தத் தாதி எந்தச் சொல்லால் மாற்றினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வயிற்றுவலியை மொழிபெயர்க்கலாம், இதை மூன்றாவது ஆளின் வாய்வழியாகச் சொல்லும்போது பாதி நின்றுவிடுகிறது. எனவே முதல் நாளே தமிழ் பேசும் உத்தியோகத்தர் வேண்டுமென்று கேளுங்கள். நான் மூன்றாம் முறைதான் கேட்டேன். எட்டாம் மாதத்தில் அந்த உளவளத்துணையாளருக்கு இடமாற்றம் வந்தது, பதிலுக்கு ஒருவர் வர நான்கு மாதங்கள் ஆயின. காத்திருக்கும் வாங்கு பிரதான நடைபாதையிலேயே இருப்பதால், தோட்டத்திலிருந்து வரும் எவரும் உங்களை அங்கே பார்ப்பார்கள். கொழுந்து பறிப்பவர் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய நாட்சம்பளம் போய்விடும்; விடுமுறை எடுக்க முடிந்த என்னைப் போன்றவளுக்குக் கிடைத்த இந்தச் சிகிச்சை அவர்களுக்கு ஏன் எட்டுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், மாத்திரையையும் குறைக்கலாம் என்ற நிலைக்கு இந்த ஆண்டு வந்திருந்தேன். சென்ற மாதம் கணவரின் தங்கை அழைத்து, வயிறு வீங்கி அவரை வைத்தியசாலையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். கிளினிக்குக்குப் போனபோது அதைச் சொன்னேன். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்றோ கூடாது என்றோ வைத்தியர் சொல்லவில்லை. அளவைக் குறைப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்று சொல்லி, கொப்பியில் அடுத்த திகதியை மூன்று மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு மாற்றி எழுதினார்.