மையமா, வீடா, எண்ணெயா? கை கால் விழுந்த பிறகு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது தூக்கத்தில். எழும்போதே வாய் கோணியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சூடாகக் காபி வந்தது. அம்மா கொடுக்கவில்லை, நல்லவேளை. விழுங்க முடியாதவருக்குக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

அந்த முதல் சில மணி நேரத்துக்கு ஒப்பீடே கிடையாது. 108, ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூளை ரத்தக் குழாயில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எத்தனை மணிக்கு அடித்தது என்று எங்களால் சொல்ல முடியாததால் அப்பாவுக்கு அது கைகூடவில்லை.

குழப்பமே டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான். மூன்று வழி சொன்னார்கள்.

ஒன்று, நகரத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கும் தனியார் மையம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, புரட்டிவிட ஆள், எல்லாம் ஒரே இடத்தில். மூக்கில் டியூபோடு இருப்பவர், தானே புரள முடியாதவர் என்றால் முதல் சில வாரத்துக்கு இதுதான் சரி. ஆனால் ஒரு மாதத்துக்குக் கேட்ட தொகை, எங்கள் மூன்று மா நிலத்தில் குறுவை நெல் போட்டு மிஞ்சுவதைத் தாண்டியது.

இரண்டு, எண்ணெய் வைத்தியம். அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவை நான் சொல்லவில்லை. வீடு தேடி வந்து உருவிவிடுபவர்களைச் சொல்கிறேன். அப்படி வந்தவர் அப்பாவின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். தசை தளர்ந்த தோளில் மூட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, இழுத்தால் இறங்கிவிடும். ஒரு மாதம் அந்தத் தோளைத் தொட விடவில்லை அப்பா. பிரஷர் மாத்திரையை வேறு நிறுத்தச் சொன்னார். அன்றோடு வாசலைக் காட்டிவிட்டோம்.

மூன்று, வீடு. நாங்கள் எடுத்தது இதுதான், ஆனால் இது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். பல ஊர் பார்க்கிறவர் தினமும் வர முடியாது. அதனால் நடுவில் சம்பளத்துக்கு ஒருவரை வரவழைத்தோம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டியதில் அம்மாவின் இடுப்பு போனது. பகலுக்கு ஓர் ஆளை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்; மூன்றாம் மாதம்தான் புத்தி வந்தது.

அப்படியும் நான் வீட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், காரணம் எங்கள் திண்ணை. முதல் சில மாதங்களில்தான் தேறுவது அதிகம், அதற்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. மையத்தில் மணி அடித்துப் பயிற்சி. இங்கே மன்னார்குடி பஸ் போகும்போதெல்லாம் அப்பா வலது கையால் தூணைப் பிடித்து எழுந்து நிற்பார், உட்காருவார். தெருவில் போகிறவர்களிடம் குழறிக் குழறியாவது நாலு வார்த்தை பேசுவார், மையத்தில் யார் வந்து "கொல்லையில தண்ணி வந்துடுச்சா மாமா?" என்று கேட்கப் போகிறார்கள்?

கையில் இன்னும் பிடிப்பு வரவில்லை. கால் வாக்கரோடு வாசல்வரை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதுதான் இப்போது அம்மாவின் புகார்.