கம்ப்ரஸர் போய்விட்டது: கிளட்ச் மட்டுமா, ரீகண்டிஷனா, புதுசா?

கார் ஏசி கம்ப்ரஸர் மக்கர் செய்தால் வழி மூன்று. கம்ப்ரஸரை பெல்ட் புல்லியோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் செட்டை மட்டும் மாற்றலாம், ரீகண்டிஷன் கம்ப்ரஸர் போடலாம், புதிது வாங்கிப் போடலாம். பெரும்பாலும் விலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பழைய கம்ப்ரஸர் எதனால் போனது என்று பார்த்த பிறகே விலைக்கு வர வேண்டும்.

மூன்றிலும் சுலபமான வேலை கிளட்ச். பெரும்பாலான கார்களில் காஸை வெளியே எடுக்காமலே முடித்துவிடலாம். ஏசி அணைந்திருக்கும்போதும் புல்லியில் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. வண்டி எடுத்ததும் குளிர்ந்து, இன்ஜின் சூடேறியதும் கிளட்ச் விட்டுவிட்டு, ஆறியபின் மறுபடி பிடித்தால், புல்லிக்கும் கிளட்ச் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலான கிளட்ச்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றுபோனால், சூட்டில் பலம் குறைந்த மின்காந்தக் காயிலால் தட்டை இழுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். காயிலை மீட்டரில் பார்த்தால் சாதாரணமாக 3 முதல் 5 ஓம் காட்டும். ஓப்பன் என்று காட்டினால் காயில் எரிந்துவிட்டது.

கிளட்ச் கருகியிருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். கம்ப்ரஸரின் முன்பக்க ஹப்பை, அதாவது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் நடுப்பகுதியை, கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீரான இழுவையோடு சுற்றினால் கிளட்ச் மட்டும் போதும். முரண்டு பிடித்தாலோ, இடையில் தட்டினாலோ, கம்ப்ரஸர் உள்ளே இறுகியதால்தான் கிளட்ச் கருகியிருக்கிறது. புது கிளட்ச்சும் அதே வழியில் போகும். ஷாஃப்ட் சீல் கசிந்து கிளட்ச் முகத்தில் ஆயில் படிந்திருந்தாலும் அப்படித்தான்.

கிளட்ச்சே இல்லாத, கொள்ளளவு மாறும் வகை (தேவைக்கேற்பக் காஸ் தள்ளும் அளவைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரில் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இறுகினால் பெல்ட் அறுந்துவிடாமல் புல்லியின் நடுப்பகுதி உடைந்துகொடுக்கும். அதை மட்டும் மாற்றி ஓட்டப் பார்ப்பது வீண். இந்த வகையில் அந்த அளவை மாற்றும் கண்ட்ரோல் வால்வ் தனியாகப் பழுதாவதும் உண்டு. ஆயில் சுத்தமாக இருந்தால் வால்வை மட்டும் மாற்றிப் பார்ப்பது நியாயமானது.

அடுத்து, ரீகண்டிஷனா புதுசா. முழுக்கப் பிரித்து, சிலிண்டரின் தேய்மானம் பார்த்து, ஷாஃப்ட் சீல், பேரிங், கேஸ்கெட் மாற்றினால்தான் அது ரீகண்டிஷன். கழுவி பெயின்ட் அடித்ததும் அதே பெயரில்தான் விற்பனைக்கு வருகிறது. வாங்கும் முன் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று வர வேண்டும். அழுத்தம் ஏற்றி, சீல் பிடிக்கிறதா என்று பார்த்து அனுப்பியதற்கு அது அடையாளம். நிலையான கொள்ளளவு கொண்ட சாதாரண பிஸ்டன் வகைக்கு நல்ல ரீகண்டிஷன் தாராளமாகப் போதும். கொள்ளளவு மாறும் வகைக்குப் புதிதையே சொல்வோம். ஹைபிரிட் கார்களின் மின்சார கம்ப்ரஸருக்கு வேறு யோசனையே வேண்டாம்: புதிது, அதற்கென்றே குறிப்பிட்ட பிஓஈ ஆயில், உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற கை. அதில் மற்ற கார் ஏசிகளில் ஊற்றும் சாதாரண பேக் (PAG) ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டுவிடும்.

எதைப் போட்டாலும் அது நிலைப்பது ஆயிலைப் பொறுத்தது. பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து, ஆயிலை அளவு ஜாடியில் பிடியுங்கள். இரண்டு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. கறுப்பாக இருந்தால் சூட்டில் கருகியது. வெள்ளித் தூள் மினுமினுத்தால் உலோகம் சிஸ்டம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆயில் தெளிவாக இருந்து, பழையதில் 60 மி.லி. வந்தது, புதியது 130 மி.லி. நிரப்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியதைக் கவிழ்த்து 60 மட்டும் திரும்ப ஊற்ற வேண்டும். மீதி ஆயில் ஏற்கெனவே குழாய்களிலும், காருக்குள் வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலிலும் இருக்கிறது. அப்படியே மாட்டினால் ஆயில் மிகையாகி, கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். முழுக்க ஃபிளஷ் செய்திருந்தால் (திரவம் விட்டு உள்ளே கழுவியிருந்தால்) கணக்கு வேறு. கம்பெனி சொல்லும் மொத்த அளவையும் ஊற்ற வேண்டும். பேக் 46, 100, 150 என்று ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்களும் விருப்பத்துக்கு மாற்றுகிற விஷயமல்ல.

உலோகத் தூள் கண்டால், காஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரை ஃபிளஷ் செய்வதா, மாற்றுவதா? மாற்றுங்கள். இன்றைய தட்டைக் குழாய் கண்டென்சரின் துளைகள் மிக மெல்லியவை, பல இணையாக ஓடுபவை. ஃபிளஷ் திரவம் அடைப்பில்லாத துளைகள் வழியே ஓடிவிடும். அடைத்த துளையில் தூள் அப்படியே இருக்கும். பிறகு அது கிளம்பிப் போய் புது கம்ப்ரஸரைத் தின்னும். பழைய ஒற்றைக் குழாய் வகையையும், எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிய பின் கூலிங் காயிலையும், சாதாரண ஹோஸ்களையும் ஃபிளஷ் செய்யலாம். எக்ஸ்பான்ஷன் வால்வும் (கூலிங் காயிலுக்குள் காஸை அளந்து விடுவது) டிரையரும் (காஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது) புதிதாகவே வேண்டும். டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அங்கேயே வீணாகும்.

ஓ-ரிங் எல்லாம் புதிது, ஆயில் தொட்டு மாட்ட வேண்டும். வேக்குவம் (பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது) குறைந்தது 45 நிமிடம். பம்பை நிறுத்திய பின் 15 நிமிடம் முள் நகரக் கூடாது. காஸை பானட் அடியில் உள்ள ஸ்டிக்கரில் எழுதிய கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றுங்கள், கேஜைப் பார்த்து உத்தேசமாக அல்ல. ஆர்134ஏ, ஆர்1234ஒய்எஃப் என்ற காஸ் வகைகள் இரண்டையும் கலக்கவே கூடாது. கசிவடைக்கும் மருந்து ஊற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அது வால்வையும் காஸ் எடுக்கும் மெஷினையும் சேர்த்தே அடைக்கும்.

இன்ஜினை இயக்கும் முன் ஹப்பைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய ஆயில் வெளியேறும். இல்லாவிட்டால் முதல் இயக்கத்திலேயே வால்வ் தட்டு உடையலாம். பிறகு ஐடிலில் விட்டு, கண்டென்சர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய கம்ப்ரஸர் அளவு மீறிய அழுத்தத்தில் போயிருந்தால், அதற்குக் காரணம் இந்த ஃபேனாகவே இருக்கலாம்.