டெலிவரி காப்பியில் என் கார்டு எண், சிவிவியோடு

கோவையில் ஓரளவு பெரிய மரச்சாமான் கடை அது. தேக்கு வார்ட்ரோபுக்கு ஆர்டர் கொடுத்து, அட்வான்ஸை கிரெடிட் கார்டில் கட்டினேன். ஸ்வைப் மெஷின் பில்லிங் டேபிளில் இருந்ததால் சேல்ஸ்மேன் கார்டை வாங்கிக்கொண்டு போனார், பின் நம்பரை நான் போய் அழுத்தினேன். எல்லாக் கடையிலும் நடப்பதுதான்.

வார்ட்ரோப் தயாராகும் முன்பே, ஒரு நள்ளிரவில் வங்கியிடமிருந்து வரிசையாக மெசேஜ்கள். ஏதோ வெளிநாட்டு கேமிங் தளத்தில் டாலரில் செலவு. ஓடிபி வரவே இல்லை. நம் நாட்டுத் தளங்களில் கார்டு போட்டால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றுக்குக் கார்டு எண், எக்ஸ்பைரி, கார்டிலேயே அச்சாகியிருக்கும் ரகசிய எண்ணான சிவிவி இருந்தாலே போதும். கார்டை பிளாக் செய்து, சைபர் மோசடி புகார் எண்ணான 1930க்குச் சொல்லி, வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். எங்கிருந்து கசிந்தது என்பதுதான் பிடிபடவில்லை.

டெலிவரி அன்று பிடிபட்டது. வண்டியோடு வந்தவர் கையெழுத்துக்கு நீட்டிய தாளில் அளவு, மரம், பாலிஷ் நிறம் எல்லாம் இருந்தன. அடியில் 'நரேஷன்' என்ற குறிப்பு எழுதும் இடத்தில் என் கார்டின் 16 இலக்கமும், எக்ஸ்பைரியும், சிவிவியும். அதற்குப் பக்கத்திலேயே 'பேலன்ஸ் டெலிவரி அன்று'. எனக்குக் கொடுத்த காப்பியில் அந்த வரியே கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்கும் வண்டிக்கும் போகிற காப்பிகளில்தான் அச்சாகிறது. அதை போட்டோ எடுத்து ஒர்க்‌ஷாப் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வழக்கமாம், வந்தவரே சொன்னார். பாவம், அவருக்கு அந்த எண்கள் என்னவென்றே தெரியவில்லை.

இந்தத் தாளிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு தாள் ஊர் சுற்றியிருக்கும்போது வேறு எங்கே போய்த் தேடுவது?

கடைக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். "எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான் சார் போடறோம். மீதிப் பணம் வாங்க வசதியா இருக்கும்னு. சிஸ்டத்துக்கு பாஸ்வேர்டு இருக்கு, பயப்படாதீங்க" என்றார். அந்த வசதியை யோசித்துப் பாருங்கள். என் ஓடிபி இல்லாமல் இவர்களால் மீதியை எடுக்கவே முடியாது. ஆக, அந்த எண்ணால் கடைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, திருடனுக்கு மட்டும்தான்.

2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர வேறு யாரும் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கணக்குப் பார்க்க கடைசி 4 இலக்கமும் வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சிவிவி விஷயம் இன்னும் கறார். பணம் ஒப்புதலான பிறகு என்கிரிப்ட் செய்துகூட வைக்கக் கூடாது என்கிறது கார்டு பாதுகாப்புக்கான சர்வதேசத் தரவிதியான பிசிஐ டிஎஸ்எஸ். ஆன்லைனில் 'கார்டை சேவ் செய்' என்றால் அங்கே தங்குவது கார்டு எண்ணுக்குப் பதிலான ஒரு டோக்கன். அது அந்தக் கடைக்கும் அந்தக் கார்டுக்கும் மட்டுமே பொருந்தும், திருடினாலும் வேறு இடத்தில் செல்லாது. மீதிப் பணம்தான் வேண்டுமென்றால் பேமென்ட் லிங்க் அனுப்பலாம், வண்டியில் வருகிறவரிடம் மெஷினைக் கொடுத்துவிடலாம்.

பணம் எனக்குத் திரும்பியது. 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னதால் தப்பித்தேன். வங்கி மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை என்றால் அந்த அவகாசத்துக்குள் சொன்னவருக்கு இழப்பு கிடையாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொன்னது. புதுக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பிலேயே ஆஃப் செய்துவிட்டேன்.

ஆர்டர் கொடுக்கும் கடையில் உங்கள் காப்பியோடு நிறுத்தாமல், டெலிவரி காப்பியையும் காட்டச் சொல்லுங்கள். முழு எண் இருந்தால் கார்டை பிளாக் செய்து புதிது கேளுங்கள்.

என் எண்ணை நீக்கச் சொன்னபோது மேனேஜர் என் கண் முன்னாலேயே சிஸ்டத்தைத் திறந்து அந்த நரேஷனை அழித்துக் காட்டினார். அதே திரையில், என் ஆர்டருக்கு மேலும் கீழும், மற்றவர்களின் கார்டு எண்கள் அப்படியே இருந்தன. அதையும் அழிக்கச் சொன்னேன். "முதலாளிகிட்ட கேக்கணும் சார்" என்றார்.