பிக்கப்புக்கு ஏர் பேக் மாட்டப் போகிறீர்களா? "80 பாயிண்ட் வெச்சுக்குங்க" என்று சொல்லும் கடையில் உஷார்

டெல்டா பக்கம் பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள், அதிலும் பின்னால் டிராலி இழுப்பவர்கள், பின் அச்சுக்கு ஏர் பேக் (லோடைத் தாங்கும் காற்றுப் பை) மாட்டும் எண்ணத்தில் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பொருள் நல்ல பொருள்தான். மாட்டிக் கொடுத்த கடைதான் என்னை வாய்க்காலில் தள்ளப் பார்த்தது.

எனக்கு லைட் செட், ரேடியோ செட் வாடகைத் தொழில். பங்குனி பிறந்தால் மன்னார்குடி, திருவாரூர் என்று திருவிழா வேலை. அது முடிந்தால் கல்யாண முகூர்த்தம். பாடியில் ஸ்பீக்கர் பாக்ஸ், சீரியல் பல்பு ஃபிரேம், கேபிள் சுருள். கொக்கியில் கிட்டத்தட்ட ஒரு டன் வரும் ஜெனரேட்டர் டிராலி. இந்த லோடில் வண்டி பின்பக்கம் குந்திக்கொள்ளும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போட்டால் காலியாகத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிடும். அதனால்தான் ஏர் பேக். பின் அச்சு ஹவுசிங்குக்கும் வண்டியின் சேஸுக்கும் நடுவே, பட்டைக்குத் துணையாக உட்காரும் ரப்பர் பை. லோடு ஏற்றினால் காற்று ஏற்றிக்கொள்ளலாம், இறக்கினால் குறைத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் பக்கம் ஒரு கடையில் மாட்டினேன். கிட், கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்கு மேல். மாட்டி முடித்துவிட்டு கடை ஆள் சொன்னது இது (பாயிண்ட் என்றால் காற்றழுத்த அளவு, பி.எஸ்.ஐ.):

"அண்ணே, 80 பாயிண்ட் அடிச்சு விட்டிருக்கேன். லோடு இருந்தாலும் இல்லாட்டியும் அப்படியே இருக்கட்டும். இனிமே ஒரு டன் சேர்த்து ஏத்துனாலும் குந்தாது."

இந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூடச் சரியில்லை. என்ன லோடு, டிராலி எவ்வளவு எடை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப் வைத்து உயரம் அளக்கவில்லை. கிட்டோடு வந்த தாளையும் கொடுக்கவில்லை. நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

காலியாக வரும்போது வாணலியில் விழுந்த நெல் மாதிரி வண்டி துள்ளியது. சரி, புதுசு, போகப் போகச் சரியாகும் என்றார்கள். லோடோடு போனபோது வேறு கூத்து. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் நின்று கிடந்து, கேட் திறந்து, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி ஆற்றங்கரை ஓரமாகப் போகிறேன். வளைவில் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து படுக்கிறது, பின்னால் டிராலி வாலாட்டுகிறது. பிரேக் மிதித்தால் முன்பக்கம் மட்டும் மூக்கைக் குத்துகிறது, பின் சக்கரம் பிடிப்பதே தெரியவில்லை. ஊர்ந்துதான் போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் வலது பக்கப் பை சுத்தமாக இறங்கிவிட்டது. இடது பக்கமும் கூடவே.

கும்பகோணத்தில் லாரிப் பட்டை வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு பைகளையும் ஒரே டியூபில் டி-ஜாயிண்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். வளைவில் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடிவிடும். சாய்வு கூடத்தான் செய்யும். இரண்டுக்கும் தனித்தனி டியூப், தனித்தனி வால்வு இருக்க வேண்டும். டியூபை கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டியிருந்தார்கள், முனை கோணலாக இருந்தது. பிளேடால் நேராக வெட்டாவிட்டால் அந்தச் சொருகு ஜாயிண்ட் காற்றைப் பிடிக்காது. சோப்புத் தண்ணீர் தடவினார், குமிழ் குமிழாக வந்தது. அதைவிட மோசம், வலது பக்க டியூப் சைலன்சர் குழாயை ஒட்டியே போயிருந்தது. உருகி, சுருங்கி, கறுத்த ஓட்டையாகியிருந்தது.

பிரேக் விஷயத்தை எல்லோரும் கவனியுங்கள். பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வில் சேரும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அந்த வால்வு முடிவு செய்யும். காற்றடித்து வண்டியைத் தூக்கிவிட்டால், முழு லோடு இருந்தாலும் அது காலி வண்டி என்றே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஏர் பேக் மாட்டியதும் அந்தக் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கடையில் அதைத் தொடக்கூட இல்லை.

டிராலி வாலாட்டியதற்கும் காரணம் அந்த 80தான். பின்பக்கம் தூக்கினால் கொக்கியும் மேலே போகும், டிராலி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், எடை அதன் வால் பக்கம் சாயும். டிராலி எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில் உட்கார வேண்டும்; அது குறைந்தால் ஆட ஆரம்பித்துவிடும். அந்தப் பங்கை ஜெனரேட்டரை முன்னே பின்னே நகர்த்தித்தான் சரிசெய்ய முடியும், காற்றால் முடியாது.

பெரியவர் காற்று வைத்த விதத்தைச் சொல்கிறேன். வண்டி காலியாக, பையில் 5 பாயிண்ட் மட்டும் வைத்து, தரையிலிருந்து பின் சக்கர வளைவு வரை டேப்பால் அளந்தார். அந்த 5 என்பது என் கிட் தாளில் போட்டிருந்த குறைந்தபட்சம். காற்றே இல்லாமல் ஓட்டினால் பை மடிந்து நசுங்கிக் கிழியும். அப்புறம் லோடு ஏற்றி, டிராலியை மாட்டி, மறுபடி அளந்தார். எவ்வளவு இறங்கியதோ அதில் பெரும்பகுதி மேலே வரும்வரை காற்று விட்டார். பழைய உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டார். முழுக்கத் தூக்கினால் பட்டைக்கு வேலை இல்லாமல் பை மேலேயே வண்டி நிற்குமாம். என் லோடுக்கு 35க்குப் பக்கத்தில் நின்றது. உங்கள் லோடுக்கு வேறு வரும், என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 80ம் இப்படி யாருடைய வண்டியிலோ இருந்து வந்த எண்ணாகத்தான் இருக்கும்.

பை சின்னது என்பதால் பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கண்மூடித்தனமாக வைத்தால் நொடியில் அளவு தாண்டிவிடும். சைக்கிள் பம்ப் போதும். கேஜ் வைத்து எடுக்கும்போதே சில பாயிண்ட் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காற்றைக் குறைக்க மறக்காதீர்கள்.

"ஒரு டன் சேர்த்து ஏத்தலாம்" என்ற பேச்சு பச்சைப் பொய். பை வண்டியை நிமிர்த்தும், அவ்வளவுதான். அச்சு, டயர், வீல் பேரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை மாறாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

கடைக்குப் போய்க் கேட்டேன். "ஓவர்லோடு ஏத்துனா பை தாங்குமா அண்ணே?" என்றார் அதே ஆள். அவர் வாயால் சொன்ன ஒரு டன் எங்கே போனது என்று தெரியவில்லை. உருகிய டியூபைக் காட்டினால், ரோட்டில் கல் அடித்திருக்கும் என்கிறார். கல் அடித்தால் டியூப் உருகுமா? பில் என்று அவர்கள் கொடுத்தது கடை பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் சட்டம் ஏற்காது என்று சிலர் பயமுறுத்தினார்கள். சொந்த உழைப்பில், தன் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வண்டியை ஓட்டுவதே நான்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பணம் கட்டியதற்கு வங்கிக் கணக்கில் தடம் இருக்கிறது, பெரியவர் கழற்றும்போது எடுத்த படங்களும் இருக்கின்றன. இப்போது கடையிலிருந்து ஆள் விட்டு, புது டியூப் மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். கூலியோடு முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.