அம்லோடிபினா, டெல்மிசார்டனா, அடெனலாலா: மூளைக்கு எது தேவலை?

"பிரஷரைக் குறைச்சுக்கிட்டே போனா மூளைக்கு ரத்தம் ஏறாமப் போயிராதாய்யா?" மதுரை சிம்மக்கல்லில் பிரஷர் மாத்திரை வாங்கி வரும்போதெல்லாம் அப்பத்தா கேட்பது இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கண்மாய் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மடையைத் திருகி வயலுக்கு ஒரே அளவு விடும் நீர்பாய்ச்சி போல, மூளை தன் ரத்தக்குழாய்களை விரித்துச் சுருக்கி ரத்த வரவைச் சமாளிக்கும். சராசரி அழுத்தம் (பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்டது) 60 முதல் 150 வரை தாங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பல வருஷமாகப் பிரஷர் இருந்தால் அந்த எல்லையே மேலே நகர்ந்துவிடும். அவர்களுக்குத் தடாலென்று இறக்கினால்தான் வம்பு.

அந்த வகையில் அம்லோடிபின் நிதானமானது. போட்ட மருந்தில் பாதி உடம்பிலிருந்து கழியவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வேளை மறந்தாலும் அழுத்தம் துள்ளாது. அதன் பங்காளி நிபெடிபின் நேர் எதிர். ஒரு காலத்தில் அந்தக் கேப்ஸ்யூல் மாத்திரையைக் குத்தி நாக்கடியில் விட்டு, நிமிஷத்தில் பிரஷரை இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. அம்லோடிபினில் எனக்குள்ள குறை கால் வீக்கம். அப்பத்தாவின் கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாகத் தடம் நிற்கும்.

டெல்மிசார்டனில் வீக்கத் தொல்லை குறைவு. நாள் முழுக்க வேலை செய்யும். வாந்தி பேதி என்று உடம்பு வற்றினால் மட்டும், மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் உடனே கேட்க வேண்டும்.

அடெனலால் இதயத் துடிப்பைத் தணிக்கும். இதய நோயாளிகளுக்கு அதற்கான இடம் உண்டு, திடீரென நிறுத்தவும் கூடாது. ஆனால் பக்கவாதத்தைத் தடுப்பதில் பின்தங்கிவிட்டது. 2002-இல் வெளியான லைஃப் ஆய்வில் டெல்மிசார்டனின் இனமான லோசார்டனும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் அழுத்தத்தைக் குறைத்தன. பக்கவாதமோ லோசார்டன் பக்கம் சுமார் 25 சதவீதம் குறைவு. பிரஷருக்கு மட்டும் என்றால் இதை முதலில் எடுக்கச் சொல்லமாட்டேன்.

இன்னொரு பிரஷர் மாத்திரையான பிராசோசினா? முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போது போடுவது நல்லது, எழுந்தால் கிறுகிறுக்கும்.

சரி, அப்பத்தாவின் கேள்வி? பிரஷரின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களையும் 140-க்குக் கீழே விட்டவர்களையும் ஸ்பிரிண்ட் ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதிகம் குறைத்தவர்களுக்கு மூளை ரத்த ஓட்டம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது.

இப்போது டாக்டர் அப்பத்தாவுக்கு அம்லோடிபினும் டெல்மிசார்டனும் சேர்ந்த ஒரே மாத்திரை எழுதியிருக்கிறார். கொலுசுத் தடம் மங்கிவிட்டது. காலையில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, ஒரு வாய் வெற்றிலை மடிக்கிற நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.